மழைமானியின் துல்லியமும் விவசாயியின் உரிமையும்

2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் வெப்பம் எனக் காட்டியபோது நாடே அதிர்ந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அங்கு சென்று ஆராய்ந்து, அந்நிலையத்தின் உணரி தரமான கருவியைவிடச் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதெனக் கண்டறிந்தது. மறுநாள் நாக்பூரில் ஒரு நிலையம் காட்டிய 56 டிகிரியும் உணரிக் கோளாறே. பெருநகரங்களின் பிழைகள் தலைப்புச் செய்தியாயின, உடனே சரிபார்க்கப்பட்டன. கிராமத்துக் கருவியின் பிழையைச் சரிபார்ப்பவர் யார்?

கர்நாடகத்தில் இது வாழ்வாதாரக் கேள்வி. பெங்களூரு எலஹங்காவில் இயங்கும் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம், 1988இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவாகத் தொடங்கப்பட்டது. இன்று கிராம பஞ்சாயத்துகள்வரை பரவியுள்ள 6,000க்கும் மேற்பட்ட தானியங்கி மழைமானிகள் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை அதற்குத் தகவல் அனுப்புகின்றன. ஒரு மாநில அரசு பொதுப் பணத்தில் இத்தகைய வலைப்பின்னலை உருவாக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் கருவியை நிறுவுவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை.

2016இல் நடைமுறைக்கு வந்த மறுசீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பாக்கும் மிளகும் பயிரிடுவோர் சேர்க்கப்பட்டுள்ளனர். இதில் இழப்பீட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தோட்டத்தின் நிலையன்று. வானிலை நிலையம் தரும் எண்ணே. விடாது பெய்யும் மழையில் பாக்குக் காய்கள் அழுகி உதிர்கின்றன. அதே வேளையில் மழைமானியின் புனலைச் சருகும் சிலந்தி வலையும் அடைத்திருந்தால் மழை குறைவாகவே பதிவாகும். அழுகிய காய் கண்முன் கிடக்க, இழப்பீட்டுக்குரிய மழை பெய்யவில்லை என்று ஏடு சொல்லும். பழுதான மானிக்குப் பதிலாகப் பக்கத்து நிலையத்தின் கணக்கை எடுத்தாலும் நியாயம் கிடைக்காது; மலைநாட்டில் ஒரு மேட்டுக்கு இப்புறமும் அப்புறமும் பெய்யும் மழை ஒன்றல்ல. உத்தர கன்னட, தட்சிண கன்னட மாவட்டங்களின் பாக்கு விவசாயிகள் பழுதடைந்த மழைமானிகள் குறித்துப் புகார் எழுப்பியிருப்பது இதனாலேயே.

பிரீமியத்தில் விவசாயியின் பங்கும் உண்டு. மத்திய, மாநில அரசுகள் செலுத்தும் மக்கள் பணமும் உண்டு. குறைவாகப் பதிவாகும் ஒவ்வொரு மில்லிமீட்டர் மழையும் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் மிச்சமாகிறது. எனவே கருவியின் பிழையை வெறும் தொழில்நுட்பக் கோளாறென ஒதுக்கிவிட முடியாது.

இதற்குத் தீர்வு அரிதன்று. தானியங்கி மழைமானிக்குள் ஒரு சிறு வாளி குறிப்பிட்ட அளவு நீர் நிறைந்ததும் கவிழும். கவிழ்ந்த எண்ணிக்கையே மழையளவு. அளந்த நீரை மெல்ல ஊற்றி, எத்தனை முறை கவிழ்கிறதென எண்ணினால் பிழை வெளிப்பட்டுவிடும். பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு மானியும் இவ்வாறு சோதிக்கப்பட வேண்டும். சோதித்த நாளும் முடிவும் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். தானியங்கி மானியின் அருகே சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்துப் பதிய வேண்டும். இரண்டும் முரண்பட்டால் தோட்டத்தை நேரில் ஆய்வு செய்தே இழப்பீடு வழங்க வேண்டும். இப்பணிக்கு ஒப்பந்தக்காரரை நம்பாமல் நிரந்தர ஊழியரை நியமிக்க வேண்டும்.

விவசாய சங்கங்கள் தத்தம் பஞ்சாயத்தின் மழைமானி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கட்டும். இழப்பீட்டுக்கான போராட்டம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.