மத்தியஸ்தரும் மகாஜனங்களும்

விளையாட்டில் தோற்பது எவருக்கும் இனிப்பதன்று. ஆயினும், தன் குறையால் நேர்ந்த தோல்வியைப் பொறுத்துக்கொள்ள மனிதன் எப்படியோ கற்றுக்கொள்கிறான். மத்தியஸ்தர் செய்த பிழையால் தோற்றோம் என்ற எண்ணம் மனத்திற் புகுந்துவிட்டாலோ, அவனுடைய சாந்தம் அந்த நிமிஷமே பறந்துவிடுகிறது. மைதானத்தில் கல்லும் புட்டியும் விழுவதும், தெருவில் கொடும்பாவி எரிவதும், ஒரு தனி மனிதனுடைய குலத்தையும் தேசத்தையும் இழுத்து வைவதும் நமது நாட்டில் பல முறை நடந்த காரியங்கள். இவற்றை வெறும் விளையாட்டுப் பித்து என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. தீர்ப்புச் சொல்பவனிடத்தில் ஒரு ஜன சமூகம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதிலேயே அதன் சுயராஜ்யத் தகுதி வெளிப்படும் என்பது நமது துணிபு.

அநியாயத்தைக் கண்டு கொதிப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. அந்தக் கொதிப்பு இல்லாதிருந்தால் இத்தேசம் இன்றைக்கும் அந்நியன் காலடியிலேயே கிடந்திருக்கும். நாம் கேட்பது ஒன்றே: நமது கொதிப்பு நியாயத்தின் பொருட்டா, நமது கட்சியின் பொருட்டா?

1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாகிஸ்தான் கோஷ்டியார் இந்தியாவில் ஆடினர். ஜனவரிக் கடைசியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் 271 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் நம்மவர் இறங்கினர். ஸௌரவ் கங்கூலி ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பான பந்து, தரையிற் பட்டெழுந்த பிறகே பிடிக்கப்பட்டது என்று பார்த்தவர் பலர் கருதினர். சச்சின் டெண்டுல்கர் முதுகு வலியோடு போராடி 136 ரன் எடுத்தும் பயனில்லாது போயிற்று. கடைசி நான்கு விக்கெட்டுகள் நான்கே ரன்னில் வீழ, 12 ரன் வித்தியாசத்தில் வெற்றி கைநழுவிற்று. சென்னை ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஒரு கணம் வாயடைத்து உட்கார்ந்திருந்தனர். பிறகு எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். அந்தக் கரகோஷத்தினிடையே பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தனர்.

மூன்று வாரம் கழியுமுன் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மற்றொரு காட்சி. டெண்டுல்கர் ஓடி வருகையில் பந்து வீச்சாளர் ஷோயப் அக்தர் மீது மோதிக்கொண்டார். மட்டை கோட்டுக்குள் ஊன்றுமுன், தூரத்திலிருந்து எறியப்பட்ட பந்து விக்கெட்டைத் தாக்கிற்று. மூன்றாவது மத்தியஸ்தர் கே. டி. பிரான்ஸிஸ் டெலிவிஷன் படத்தைப் பார்த்து அவுட் என்று தீர்ப்பளித்தார். சட்டத்தின் எழுத்துப்படி அத்தீர்ப்பிற் குற்றம் காண்பது கடினம். எதிர்க்கட்சித் தலைவர் பெருந்தன்மையோடு முறையீட்டைத் திரும்பப் பெற்றிருக்கலாம் என்பது வேறு விஷயம். ஆனால் ஜனங்கள் சட்டத்தையும் பார்க்கவில்லை, பெருந்தன்மைக்கும் காத்திருக்கவில்லை. கையிற் கிடைத்ததையெல்லாம் மைதானத்தில் வீசினர். டெண்டுல்கரே வெளியே வந்து வேண்டிக்கொண்ட பிறகுதான் கூட்டம் அடங்கிற்று. மறுநாள் மீண்டும் கலகம் மூளவே, சுமார் 65,000 பேரைப் போலீஸார் வெளியேற்றினர். காலியான மேடைகளுக்கு நடுவே பந்தயம் முடிந்தது. பாகிஸ்தான் 46 ரன்னில் வென்றது.

சென்னையின் புகழைப் பாடி வங்காளத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. தமிழ் ஜில்லாக்களில் கால்பந்து, கபடிப் பந்தயங்களில் நடுவர்கள் பட்ட பாட்டை நாமும் அறிவோம். அதே தேசம், அதே எதிரி, அதே ஏமாற்றம்; ஒரு கூட்டம் எழுந்து நின்று கை தட்டிற்று, மற்றொரு கூட்டம் தன் கோஷ்டியின் கடைசி விக்கெட்டைக் காணும் பாக்கியத்தையும் இழந்து தெருவில் நின்றது. இரண்டு வழியும் எந்த ஊராருக்கும் எப்பொழுதும் திறந்தே இருக்கின்றன என்பதைத்தான் சொல்லுகிறோம்.

இனி, மத்தியஸ்தர் மெய்யாகவே பிழை செய்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2008 ஜனவரியில் ஸிட்னி நகரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட் பந்தயத்தை யார் மறந்திருப்பார்கள்? ஆண்ட்ரூ ஸைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கையில் அவர் மட்டையில் உரசிய பந்து பிடிக்கப்பட்டது. மத்தியஸ்தர் ஸ்டீவ் பக்னர் அவுட் கொடுக்கவில்லை. ஸைமண்ட்ஸ் கடைசிவரை நின்று 162 ரன் எடுத்தார். தாம் ஆட்டமிழந்திருந்ததை அன்று மாலையே ஒப்புக்கொண்டார். கடைசி நாளில் ராகுல் திராவிட், மட்டையிற் படாத பந்துக்கு வெளியேற்றப்பட்டார். கங்கூலியின் விஷயத்திலோ, மற்றொரு மத்தியஸ்தரான மார்க் பென்ஸன், பந்து சரியாகப் பிடிக்கப்பட்டதா என்று எதிர்க்கட்சித் தலைவரையே கேட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் நம்மவர் 122 ரன்னில் தோற்றனர்.

நாடு கொதித்தது, கொடும்பாவிகள் எரிந்தன. சுற்றுப் பயணமே நின்றுவிடுமோ என்ற நிலை ஏற்பட்டது. ஸர்வதேச கிரிக்கெட் சபையார் அடுத்த பெர்த் பந்தயத்திலிருந்து பக்னரை விலக்கி வேறொருவரை நியமித்தனர். பெர்த்தில் நம்மவர் 72 ரன்னில் வென்றனர். 2020-இல் பக்னரே ஸிட்னியில் தாம் இரண்டு பிழை செய்ததாக ஒப்புக்கொண்டார். ஆகவே நமது குறை பொய்க் குறையன்று.

ஆனால், அந்த மத்தியஸ்தரை அகற்றியது எது என்பதை நாம் நெஞ்சிற் கை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். அகற்றியது நமது நியாயமா, நமது பணப்பையின் கனமா? இதே குறையை ஓர் ஏழைத் தேசத்தின் கோஷ்டி சொல்லியிருந்தால் அதன் பேச்சு இவ்வளவு விரைவில் ஏறியிருக்குமா? அதே மாதத்தில் ஹர்பஜன் சிங் மீது மூன்று டெஸ்ட் பந்தயத் தடை விதிக்கப்பட்டிருந்தது. நியூஸிலாந்து நீதிபதி ஜான் ஹான்ஸன் முறையீட்டை விசாரித்துச் சாட்சியங்களைக் கேட்டார். அந்தத் தடையை நீக்கி, குறைந்த குற்றத்திற்கு அபராதம் மட்டும் விதித்தார். முறையீடு, சாட்சியம், காரணம் கூறிய தீர்ப்பு — இது முறை. பிடிக்காத நீதிபதியை மாற்றிவிடு என்பது முறையன்று. நமது செல்வாக்கு குறையும் நாளில் அதே ஆயுதம் நம்மீது திரும்பும்.

அந்த ஆயுதத்தின் மறுமுனையை நமது அண்டை வீட்டார் 2015 மார்ச்சில் உணர்ந்தனர். மெல்போர்ன் நகரில் உலகக் கோப்பைக் கால் இறுதிப் பந்தயத்தில் வங்க தேசத்தின் ரூபல் ஹுஸேன் வீசிய பந்தை ரோஹித் சர்மா அடிக்க, அது பிடிக்கப்பட்டது. அப்பொழுது அவர் 90 ரன்னில் இருந்தார். பந்து இடுப்புக்கு மேல் வந்ததென்று மத்தியஸ்தர் நோ பால் கூறினார். படத்தைப் பார்த்தவர்களில் அதை ஏற்றுக்கொண்டவர் சிலரே. ரோஹித் 137 ரன் எடுத்தார். நாம் 109 ரன்னில் வென்றோம். டாக்காவில் கொடும்பாவி எரிந்தது. அப்பொழுது ஸர்வதேச சபையின் தலைவராயிருந்த வங்க தேசத்தவரான முஸ்தபா கமால் மத்தியஸ்தர்களைப் பகிரங்கமாகக் குறை கூறினார். அடுத்த மாதமே பதவியை விட்டு விலகினார்.

அன்று நாம் என்ன செய்தோம்? தோற்றவர் புலம்பல் என்று சிரித்தோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் நியாயத்தின் பெயரால் கொடும்பாவி எரித்த தேசத்தில், அண்டை வீட்டானுக்கு நேர்ந்த பிழைக்காக ஒரு சிறு கண்டனக் கூட்டமாவது நடந்ததாக நாம் கேள்விப்படவில்லை. நியாயத்தில் பிரியமுள்ளவனை அடையாளம் காண்பது எளிது: பிழை தனக்கு லாபமாக வரும்போது அவன் வாய் திறக்கிறானா என்று பார்த்தால் போதும். 2011-இல் இங்கிலாந்தில் டிரெண்ட் பிரிட்ஜ் பந்தயத்தில், தேநீர் வேளையென்று எண்ணிக் கோட்டை விட்டு நடந்த இயான் பெல் சட்டப்படி ரன் அவுட் ஆனார். மகேந்திர சிங் தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்று அவரை மீண்டும் ஆட அழைத்தார். தேசத்தின் கௌரவம் அன்று உயர்ந்ததேயன்றித் தாழவில்லை.

கண்ணகி தவறான தீர்ப்புக்காக மதுரையையே எரிக்கவில்லையா, நாம் ஒரு பொம்மையை எரித்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். தமிழர் நன்கு அறிந்த கதை. ஆயினும் அதன் வரிசையை மறந்துவிடுகிறார்கள். கண்ணகி முதலில் தீயை எடுக்கவில்லை. அரசவைக்குப் போனாள், வழக்கைச் சொன்னாள், சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டினாள். பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்து உயிரை விட்டான். அங்கே போனது குற்றமற்ற ஒருவனுடைய தலை. இங்கே போனது ஒரு விக்கெட். அதைவிட முக்கியம், அவள் அத்தாட்சியோடு வந்தாள் என்பது.

இன்றைய விளையாட்டிலும் அந்தச் சிலம்பு உண்டு. மத்தியஸ்தர் தீர்ப்பின் மீது ஆட்டக்காரர் முறையிட, படத்தைப் பார்த்து மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடு அது. ஸிட்னிக் கலவரம் நடந்த அதே 2008-ஆம் ஆண்டு ஜூலையில், இந்தியா இலங்கையில் ஆடிய பந்தயங்களில்தான் அது முதலில் பரீட்சிக்கப்பட்டது. இலங்கையார் அதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தினர். நமக்குக் கிடைத்த பயன் சொற்பம். அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது! மத்தியஸ்தர் பிழையென்று உலகத்தையே உலுக்கிய நமது கிரிக்கெட் போர்டு, அப்பிழையைத் திருத்த வந்த ஏற்பாட்டை 2016 வரையில் பெரும்பாலும் எதிர்த்தே நின்றது. யந்திரத்தில் நம்பிக்கையில்லை என்றனர். இடையே 2011 உலகக் கோப்பை அரை இறுதியில், மொஹாலியில், பாகிஸ்தானுக்கெதிராக 23 ரன்னில் அவுட் என்று கூறப்பட்ட டெண்டுல்கர் அதே யந்திரத்திடம் முறையிட்டுத் தப்பி 85 ரன் எடுத்தார்; அந்த வெற்றியை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை.

சந்தேகத்துக்குப் பழைய காரணங்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. வெள்ளையர் ஆட்சியில், ஆடுகிறவனும் தீர்ப்புச் சொல்கிறவனும் ஒரே இனத்தாராயிருந்த மைதானங்களை நம் முன்னோர் கண்டவர்கள். அதன் பிறகும் நெடுங்காலம், விருந்தாளியை அழைத்த தேசமே மத்தியஸ்தரையும் கொடுத்து வந்தது. அந்த வழக்கத்தை மாற்ற 1986-இல் பாகிஸ்தான் தலைவர் இம்ரான் கான் முயன்று, மேற்கிந்தியர்களுடன் லாகூரில் நடந்த பந்தயத்துக்கு வி. கே. ராமஸ்வாமி, பி. டி. ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்களை வரவழைத்தார். பாகிஸ்தானியர் இந்தியர்களை நம்பி நீதி கேட்டனர். இதைவிட மேலான மரியாதை ஒரு தேசத்துக்கு வேறென்ன? நமது சென்னை எஸ். வெங்கட்ராகவன், இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்தவர், பின்னர் 73 டெஸ்ட் பந்தயங்களில் மத்தியஸ்தராக நின்று பல தேசத்தாருடைய நன்மதிப்பைப் பெற்றார். நடுவு நிலைமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் பிறந்தவர்கள் பெருமைப்பட வேண்டியது இத்தகையவரைக் கண்டு.

ஆனால் நாம் வேறொன்றைக் கண்டு மகிழ்கிறோம். 2019 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் சென்னைக் கோஷ்டியின் தலைவர் தோனி, ஆட்டமிழந்து வெளியேறிய பின், ஒரு நோ பால் தீர்ப்பு மாறியதற்காக மைதானத்துக்குள்ளேயே நடந்து போய் மத்தியஸ்தருடன் வாதாடினார். பெல்லைத் திரும்ப அழைத்த அதே மனிதர்! பந்தய ஊதியத்திற் பாதியை அபராதம் கட்டினார். அவர் மீது நமக்குள்ள அன்பு சிறிதும் குறையவில்லை, குறையவும் வேண்டாம். ஆயினும் அவர் செய்தது தவறு என்று சொல்லச் சென்னையில் எத்தனை பேர் துணிந்தோம்? பெரிய மனிதர் செய்ததைத்தான் நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பையன் செய்வான். அங்கே மத்தியஸ்தராக நிற்பவர் ஓர் ஏழை உபாத்தியாயராக இருப்பார்.

மத்தியஸ்தருடைய வேலையின் கஷ்டத்தையும் எண்ண வேண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 22 கஜத்தைக் கடக்க ஏறத்தாழ அரை விநாடி ஆகிறது. அதற்குள் பந்து வீசுபவன் கால், பந்து விழுந்த இடம், மட்டையின் ஓசை ஆகிய அனைத்தையும் கண்டு கேட்டு முடிவு சொல்ல வேண்டும். நாமோ நாற்காலியில் சாய்ந்து பத்து முறை படத்தைப் பார்த்த பிறகு, குருடன் என்று அவரை ஏசுகிறோம்.

பத்திரிகைக்காரராகிய நாமும் இதிற் குற்றமற்றவர்களல்லோம். தோற்ற மறுநாள் கொட்டை எழுத்தில் துரோகம், சதி என்று போட்டால் பத்திரிகை அதிகம் விற்கும். அந்த ஆசையை அடக்குவது எங்கள் கடமை. கிரிக்கெட் நிர்வாகிகளுடைய கடமை, மத்தியஸ்தர்களுடைய வேலையை ஒழுங்காகப் பரிசோதித்து அதன் முடிவை ஜனங்களறிய வெளியிடுவதும், ஜில்லாப் பந்தயங்களில் நிற்கும் நடுவர்களுக்குத் தக்க பயிற்சியும் ஊதியமும் பாதுகாப்பும் அளிப்பதுமாகும். ஆட்டக்காரருடைய கடமை, விதி கொடுத்த முறையீட்டோடு நிற்பது.

ஜனங்களுடைய கடமை எல்லாவற்றிலும் பெரிது. பிழையைப் பிழையென்று உரக்கச் சொல்லுங்கள்; எழுதுங்கள்; காரணம் கேளுங்கள். ஆனால் நமக்கு லாபமான பிழையையும் அதே குரலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாத வாய்க்கு மற்றதைச் சொல்ல அதிகாரமில்லை. இன்று மைதானத்தில் தீர்ப்புச் சொல்பவனை மிரட்டிப் பழகிய கூட்டம், நாளை நீதிஸ்தலத்திலும் தேர்தல் சாவடியிலும் அதையே செய்யத் துணியும். சேப்பாக்கத்து ஜனங்கள் 1999-இல் எழுந்து நின்றபோது இத்தேசம் ஒரு பந்தயத்தைத் தோற்றிருந்தது, வேறெதையும் தோற்கவில்லை.