சிமென்ட்டுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை!

ராசிபுரம் பக்கம் யாருக்கும் போர்வெல் பற்றி கிளாஸ் எடுக்க வேண்டாம். பக்கத்தில் திருச்செங்கோடு, ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைக்கும் ரிக் வண்டிகளின் தலைநகரம்! மேல்மண் சரியாமல் இருக்க கேசிங் பைப் இறக்குவார்கள். பாறை வந்ததும் பைப் நின்றுவிடும். அதற்குக் கீழே வெறும் துளைதான்.

எண்ணெய்க் கிணற்றில் கதையே வேற பாஸ். இரும்புக் குழாய் கிலோமீட்டர் கணக்கில் இறங்கும். குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கை சிமென்ட்டால் அடைக்கணும். இல்லாவிட்டால் கீழே இருக்கிற கேஸும் உப்புத்தண்ணியும் அந்த வழியாக ஏறி, குடிக்கிற நிலத்தடி நீரில் கலந்துவிடும். அதனால் சிமென்ட் பாலைக் குழாய்க்குள் விட்டு, அடிவரை தள்ளி, வெளிப்பக்கமாக மேலே ஏற்றுவார்கள். மணிக்கணக்கில் நடக்கிற வேலை.

வில்லன், சூடு. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடும். நாலு கிலோமீட்டரில் 100 டிகிரியைத் தாண்டிடும். நம்ம கொத்தனார் குழைக்கிற சிமென்ட்டை அங்கே அனுப்பினால் பாதி வழியிலேயே கல்லாகிவிடும். கிணறு அம்பேல்!

அதற்குத்தான் 'ரிடார்டர்'. பேப்பருக்கு மரக்கூழ் எடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவிலிருந்து வரும் லிக்னோசல்ஃபோனேட்தான் இதில் சீனியர். நம்ம வீட்டுச் சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும். சிமென்ட் எடையில் 0.1 சதவீதம் போட்டாலே இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். (வீட்டில் தளம் போடும்போது டெஸ்ட் பண்ணிடாதீங்க, அப்பா துரத்துவார்!) ஆழமும் சூடும் கம்மியான இடத்தில் பிரச்னை தலைகீழ். அங்கே சீக்கிரம் இறுக வைக்க 2 சதவீதம் போல கால்சியம் குளோரைடு.

'லேட்டா இறுகினா என்ன, சேஃப்தானே?' என்று கேட்காதீங்க. பாதி இறுகிய சிமென்ட்டால் கீழே இருக்கிற கேஸை அழுத்திப் பிடிக்க முடியாது. கேஸ் அதற்குள்ளேயே பாதை போட்டு மேலே வந்துடும். அதனால்தான் கிணற்றின் அதே சூடு, அதே அழுத்தத்தில் கலவையை மெஷினில் சுற்றவிட்டு, எத்தனை மணி நேரம் தாங்குதுன்னு முன்கூட்டியே பார்ப்பார்கள். சிவில் லேப்பில் நாம் குத்துகிற விகாட் ஊசியின் பெரியண்ணன்!

டெஸ்ட் செய்தால் மட்டும் போதுமா? 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவில் மகாண்டோ கிணறு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. தப்புகள் பல. ஆனால், அங்கே போட்ட நைட்ரஜன் நுரை சிமென்ட் நிலையாக நிற்காது என்று பிப்ரவரியிலேயே லேப் சோதனை காட்டியிருந்ததை அமெரிக்க விசாரணைக் கமிஷன் வெளியே கொண்டுவந்தது. ரிப்போர்ட் இருந்தது, வேலையை நிறுத்தத்தான் ஆள் இல்லை.

நம்ம காவிரி டெல்டாவில் 2020 சட்டத்துக்குப் பிறகு புதுசாக எண்ணெய்க் கிணறு தோண்டத் தடை. ஏற்கெனவே இருக்கிற கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. நரிமணம் பக்கத்து வயல்களில் தண்ணிக்கும் கேஸுக்கும் நடுவில் நிற்பது, இரும்புக் குழாயும் அன்னிக்கு ஊற்றின அந்த சிமென்ட்டும்தான். அதோட டெஸ்ட் ரிப்போர்ட்டை ஊர்க்காரங்க கேட்டால் எடுத்துக் காட்டணும் என்பது என் கட்சி. நீங்க எந்தக் கட்சி?