கரிசல் வெயிலும் மக்கத்து வெயிலும்

குளத்தூர்க் கரிசலில் நண்பகல் நேரத்தில் நின்று பார்த்தவருக்கு வெயில் என்றால் என்னவென்று எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிளந்து கிடக்கும் மண், நிழலுக்கு ஓர் உடைமரம், கிழக்கே உப்பளம், வடமேற்கே கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்கள். வானம் பொய்த்தால் பருத்தியும் பொய்க்கும், மிளகாயும் பொய்க்கும். இந்த மண்ணில் உழைக்கும் முஸ்லிம் தோழர் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போகவேண்டும் என்று எண்ணினால், அந்த எண்ணத்துக்கு இருபது ஆண்டு வயதிருக்கும். மகளைக் கரையேற்றி, கடனை அடைத்து, மிச்சத்தை முடிந்து வைத்து, மனைவியின் கம்மலையும் விற்றுப் புறப்படுகையில் அவர் கிழவராகி விடுகிறார்.

"வெயிலா? எங்கள் ஊரில் பார்க்காத வெயிலா?" என்று சிரிப்பார் அந்தக் கிழவர். அந்தச் சிரிப்புத்தான் நமக்கு அச்சமூட்டுகிறது!

எட்டையபுரத்து உமறுப்புலவர் மழை காணாத அரபு நாட்டை ஆறும் வயலும் சோலையுமாகச் சீறாப்புராணத்திலே தீட்டினார். தமிழ்ப் புலவர் தமிழ்க் குளிர்ச்சியைக் கடல் கடந்தும் கொடுத்தார். அது கவிதையின் உரிமை. ஆனால் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மக்காவில் அடித்த வெப்பம் 51.8 டிகிரி. அந்த ஆண்டு ஹஜ்ஜில் மாண்டவர் 1,301 பேர் என்று சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். கூடாரமின்றி, நிழலின்றி, கொளுத்தும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். மாற்றாரின் குற்றச்சாட்டல்ல இது, அந்நாட்டு அரசின் வாக்குமூலம்.

அனுமதி இல்லாமல் ஏன் போனார்கள்? அல்லாவை ஏமாற்றவா? இல்லை, அவர்களைத்தான் ஏமாற்றினார்கள். "குலுக்கலில் பெயர் வரவில்லையா? கவலை வேண்டாம். சுற்றிப் பார்க்கும் விசாவில் அனுப்புகிறேன். பணத்தை மட்டும் கொடுங்கள்" என்று தேன் தடவிப் பேசுகிறான் தரகன். அனுமதிச் சீட்டு இல்லாதவருக்கு மினாவில் குளிரூட்டிய கூடாரம் கிடையாது, பஸ்ஸில் இடம் கிடையாது. பஞ்சு வியாபாரத்தில் எடை குறைக்கும் தரகனைக் கரிசல்காட்டுக்காரன் அறிவான். இவன் குறைப்பதோ ஆயுளை!

"பகுத்தறிவு பேசும் உங்களுக்குப் புனிதப் பயணத்தில் என்ன வேலை?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். பெரியாரும் அண்ணாவும் மீலாது விழா மேடைகளில் ஏறிப் பேசியது எந்த வேலைக்காகவோ, அதே வேலைக்காகத்தான். நெல்லைப் பேட்டை தந்த காயிதே மில்லத் இந்தி ஆதிக்கத்துக்கு எதிராகத் தமிழுக்கு வாதாடினார். தம் மார்க்கத்தை விட்டுவிட்டா வாதாடினார்? தொழுவதும் தொழாததும் அவரவர் உள்ளம். போகிறவர் பத்திரமாகப் போய், நினைத்ததை மனநிறைவோடு முடித்துத் திரும்புவது ஊரின் பொறுப்பு, அரசின் பொறுப்பு.

அரசின் பொறுப்பைப் பார்ப்போம். மானியம், மானியம் என்று முழங்கினார்களே, அது யார் பைக்குப் போனது? விமானக் கட்டணத்தை ஈடுகட்ட விமானக் கம்பெனிக்குப் போனது. பழி மட்டும் முஸ்லிமின் தலையில் விழுந்தது! பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சொல்லி 2012இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. டில்லியோ 2018இலேயே ஒரேயடியாக நிறுத்திற்று. நிறுத்தியதில் நமக்குப் பெரிய வருத்தமில்லை. மானியத்தை நிறுத்திய கை, பொறுப்பையும் சேர்த்து உதறியதே, அதைத்தான் கேட்கிறோம்.

2022ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பாட்டு நிலையங்களை 21லிருந்து 10ஆகக் குறைத்தார்கள். சென்னை நீக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பயணிகள் கொச்சிக்குப் போகவேண்டும் என்றார்கள். 2021 நவம்பரிலேயே தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் டில்லிக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் அந்த ஆண்டு கொச்சிதான். 2023இல்தான் சென்னை மீண்டது. ஒன்றை மறைக்காமல் சொல்வோம்: படத்தை விரித்துப் பார்த்தால் குளத்தூர்க்காரருக்குச் சென்னையைவிடக் கொச்சி அருகில்! ஆனால் எழுபது வயதுக் கிழவிக்கு மைல் கணக்கா பெரிது? பாஸ்போர்ட்டை யாரிடம் காட்டுவது, பெட்டியை எங்கே வைப்பது, மாத்திரையை எந்தப் பையில் போடுவது என்று அவள் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரவேண்டாமா? அருகாமைதான் அக்கறை என்றால் மதுரையிலிருந்து விமானம் விடட்டுமே, வாழ்த்துகிறோம்.

2025இல் நடந்ததோ அதனினும் கொடுமை. இந்தியாவுக்குக் கிடைத்த இடம் 1,75,025. அதில் தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கியது ஐம்பத்திரண்டாயிரத்துக்கும் மேல். குறித்த நாளுக்குள் ஒப்பந்தமும் மினாக் கூடாரமும் முடிவாகவில்லை என்று சவூதி கதவைச் சாத்திற்று. மன்றாடியபின் 10,000 பேருக்குத் திறந்தது. ஏறத்தாழ 42,000 இடங்கள் பாழ். நிறுவனங்கள் தவறின என்றது டில்லி. தவறியவரைத் தேர்ந்தெடுத்து அனுமதி தந்தது யார்? அல்லா அழைக்கவில்லை என்று அழுதிருப்பார் அந்தப் பெரியவர். ஐயா, அழைப்பு வந்தது, கோப்புத்தான் நகரவில்லை!

பம்பாயில் கப்பலேறி ஜித்தா போன காலம் 1995உடன் முடிந்தது. அன்று கடல் பயம். இன்று காகிதப் பயம். கடல் பயத்துக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. காகிதத்துக்கு உண்டு, கிளைக் கழகத் தோழர்களே!

உங்கள் தெருவில் ஹஜ் எண்ணம் கொண்டவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஹஜ் கமிட்டிக்கு விண்ணப்பம் கணினியில்தான். அவருக்குக் கணினி தெரியாது, உங்கள் மகனுக்குத் தெரியும். 2018 முதல் 45 வயது கடந்த பெண்கள், துணைக்குக் கணவனோ மகனோ இல்லாவிட்டாலும், நால்வராய்ச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. தீப்பெட்டி ஆபீஸில் முப்பது ஆண்டு குச்சி அடுக்கிய விதவைத் தாய்க்கு இந்தச் சேதியைச் சொன்னது யார்? பயிற்சி முகாமுக்கும், மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கும் ஒருவர் கூடப் போய் வாருங்கள். சர்க்கரை நோய்க்காரராயின் மருத்துவர் சீட்டையும் மாத்திரையையும் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் சொல்வதைவிட ஊர் ஆலிம் சொன்னால் கேட்பார். அரபாத்தில் மலையேற வேண்டும் என்பது கடமையல்ல. எல்லைக்குள் கூடாரத்து நிழலில் இருந்து இறைஞ்சினாலும் ஹஜ் நிறைவேறும் என்பது மார்க்கம் அறிந்தோர் கூறும் விளக்கம். அதை ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலேயே சொல்லச் சொல்லி ஜமாஅத்தாரைக் கேளுங்கள். கரிசல் விவசாயி உச்சி வெயிலில் ஏரைக் கட்டிக்கொண்டா நிற்கிறான்? மரத்தடிக்கு வருகிறான் அல்லவா?

தரகன் வந்தால் அவன் பெயர் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். அவன் தருவது ஹஜ் விசாதானா என்று பத்துப் பேர் முன்னிலையில் கேளுங்கள். ரசீது கேளுங்கள். முகம் கறுத்தால் பஸ் நிலையம் வரை வழியனுப்பி வையுங்கள்.

இன்னொன்று. முகமது என்ற பெயரை ரேஷன் கார்டில் ஒருவிதமாகவும், ஆதாரில் வேறுவிதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தபின் அதைத் திருத்த ஓடாமல், இந்த வாரமே விளாத்திகுளம் போய் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.