'ஷீ': மொழி கேட்டுப் பெற்ற சொல்

ஆங்கிலத்தில் 'ஹீ' என்பது பெண்ணையும் உள்ளடக்கும் என்றும், 'ஷீ'யைத் தனியே எழுதுவது வீண் என்றும் கூறுவோர் இன்றும் உண்டு. அச்சொல்லின் வரலாறு இக்கூற்றுக்கு இடம் தருவதில்லை.

பழைய ஆங்கிலத்தில் ஆணைச் சுட்ட 'ஹே', பெண்ணைச் சுட்ட 'ஹேயோ' என இரு சொற்கள் வழங்கின. ஒலிமாற்றங்களால் சில வட்டார வழக்குகளில் இவ்விரண்டும் வேறுபாடின்றி ஒலிக்கலாயின. பெயர்ச்சொற்களின் இலக்கணப் பாலை அம்மொழி கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிரதிப்பெயரிலும் பால் மறைந்திருக்கலாம்; மறையவில்லை. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்பிலேயே 'ஷீ'யின் முன்வடிவம் தென்படுகிறது. அது 'ஸேயோ' என்ற சுட்டிலிருந்து பிறந்தது என்பர் ஒரு சாரார். 'ஹேயோ'வின் அழுத்தம் இடம்பெயர்ந்து, முதல் மெய் திரிந்து உருவானது என்பர் மறுசாரார். பூசல் இன்னும் தீரவில்லை. 'ஹெர்' என்னும் வேற்றுமை வடிவில் பழைய ஹகரம் எஞ்சி நிற்கிறது. பிறப்பு எதுவாயினும் ஒன்று தெளிவு: மயக்கம் நேர்ந்தபோது, பேசுவோர் வேறுபாட்டை இழக்க ஒப்பவில்லை.

அவ்வேறுபாட்டைப் பின்னர்ச் சட்டம் அழித்தது. ஆண்பாற்சொற்கள் பெண்களையும் குறிக்கும் என 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விதித்தது. அவ்விதியை நம்பி மான்செஸ்டர் பெண்கள் வாக்குரிமை கோரினர். 1868இல் நீதிமன்றம் மறுத்தது. இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, 'ஹீ' என்பது ஆண், பெண் எவரையும் குறிக்கும் என்றது. 1897ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டமும் அவ்வாறே கூறிற்று. ஆயினும் ரெஜினா குஹா வழக்குரைஞராகப் பதிவு செய்யக் கோரியபோது, கல்கத்தா உயர் நீதிமன்றம் 1916இல் அவ்விதியின் பயனை அவருக்கு அளிக்கவில்லை. பெண் என்பதால் வழக்குரைஞர் தொழில் மறுக்கப்படலாகாது என வெளிப்படையாக எழுத 1923இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

ஆக, தண்டனையில் பெண்ணை உள்ளடக்கிய 'ஹீ', உரிமையில் அவளை வெளியே நிறுத்தியது. உள்ளடக்கம் என்பது இலக்கணப் பண்பு அன்று, படிப்பவரின் விருப்பம். விருப்பம் மாறக்கூடியது, எழுதப்பட்ட சொல் மாறாது.

2023ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதாவும் 'ஹீ'யையே வைத்துக்கொண்டு, அது ஆண், பெண், திருநர் எவரையும் குறிக்கும் என்கிறது. பட்டியல் நீண்டது, சொல் மாறவில்லை. ஆய்வேடுகளிலும் கல்வி நிறுவன விதிகளிலும் 'ஆய்வாளர்' என்றதும் 'ஹீ' தொடர்வது இம்மரபின் எச்சமே.

'ஹீ ஆர் ஷீ' என்று எழுதினால் நடை தடுமாறும் என்பது ஒரு மறுப்பு. அதற்கு மாற்று ஆங்கிலத்திலேயே உண்டு. 'தே' என்னும் பன்மைச் சொல் 14ஆம் நூற்றாண்டு முதலே ஒருவரைச் சுட்டவும் வழங்கி வருகிறது. பலர்பாலுக்குரிய 'அவர்' தமிழில் ஒருவரைச் சுட்டுவதை அறிந்தோருக்கு இதில் வியப்பில்லை. பால் தேவையற்ற இடத்தில் 'தே' எழுதலாம்; தேவையான இடத்தில் 'ஷீ' எழுத வேண்டும். உரிமை வழங்கும் விதியில் பெண் ஊகிக்கப்பட வேண்டியவள் அல்லள், எழுதப்பட வேண்டியவள்.