கடல் கடந்து வரும் கரும்புகை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொல். சில மாதங்களாக நான் அளந்துகொண்டிருப்பது ஒரு வண்டியை. 1990களில் ஜப்பானில் ஓடிய, டீசலில் இயங்கும் லேண்ட் குரூசர் அது. நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு, மேடு, பாறை எதற்கும் அஞ்சாது. அங்கே ஏலத்தில் எடுத்து, கப்பலேற்றிப் பினாங்குக்குக் கொண்டுவரலாமா என்பதே கேள்வி. பட்டம் பெற்று, வேலையில் அமர்ந்து, கையில் நான்கு காசு சேர்ந்ததும் இதே ஆசையில் விழுந்த முன்னாள் மாணவர்கள் சிலரை அறிவேன். இன்று விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் நாளை இந்த ஆசை வரலாம். ஆகவே என் கணக்கை இங்கே பொதுவில் வைக்கிறேன்.

முதலில் ஆசையின் வேரைப் பார்ப்போம். தோட்டப்புறத்தில் வேர்விட்ட குடும்பங்களுக்கு ஜீப் என்பது வெறும் வாகனமன்று. துரை லேண்ட் ரோவரில் வருவார். நம்மவர்கள் பால்வெட்டுக்கு நடந்தே போவார்கள். செம்மண் சாலையில் அந்த வண்டி கிளப்பிய புழுதியைச் சுவாசித்தவர்களின் பிள்ளைகள் நாம். அந்த இருக்கையில் ஒருநாள் நாமும் அமர வேண்டும் என்று எண்ணுவதில் தவறில்லை. ஆனால் ஏக்கம் வேறு, கணக்கு வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி இல்லாமல் வெளிநாட்டு வண்டி எதையும் இங்கே கொண்டுவந்து பதிவு செய்ய முடியாது. வணிகர்களுக்கான திறந்த ஏ.பி. 2015 இறுதியோடு முடிவுக்கு வரும் என்று 2009இல் அரசு அறிவித்தது. அது முடியவில்லை. ஆனாலும் அந்த வழியில் வரும் ‘ரீகான்’ வண்டிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வயது வரை என்ற வரம்பு உண்டு. முப்பது வயது வண்டிக்கு அந்த வாசல் திறக்காது. சிறப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிடும் என்று நம்பி ஏலத்தில் முன்பணம் கட்டுவது விவேகமாகாது.

அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். அடுத்து வரி. சுங்கத்துறை அந்த வண்டிக்கு 40,000 ரிங்கிட் மதிப்பிடுகிறது, சலுகை எதுவும் இல்லை என்று கொள்வோம். இறக்குமதி வரி 30 விழுக்காடு. மதிப்பு 52,000 ஆகிறது. 2,500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினுக்குக் கலால் வரி 105 விழுக்காடு, 1,06,600. அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. ஆக மொத்தம் 1,17,260 ரிங்கிட். கப்பல் கூலி, பரிசோதனை, பதிவு, காப்புறுதி எல்லாம் தனி. யானையை மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழும்போதே அங்குசம் யானை விலை கேட்கிறது!

“பினாங்கு ஒரு காலத்தில் சுங்கமில்லாத் துறைமுகமாயிற்றே” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. 1786இல் தொடங்கிய அந்தச் சலுகை 1969இல் நம் கையை விட்டுப் போனது. பக்கத்து லங்காவிக்கு 1987 முதல் வரிவிலக்கு இருக்கிறது. ஆனால் அங்கே வரியின்றி வாங்கிய வண்டி அந்தத் தீவுக்கே உரியது. அனுமதியோடு சில நாள் வெளியே வந்து போகலாமே தவிர, ஜோர்ஜ்டவுனில் குடியேற முடியாது.

எண்ணெய்ச் செலவையும் மறக்கக்கூடாது. டீசல் மலிவு என்ற பேச்சு தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் நாள் பழங்கதையானது. லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35க்கு ஏறியது. 80 லிட்டர் நிரப்ப 172 ரிங்கிட் கொடுத்தவர் 268 கொடுத்தார். தகுதியுள்ள தனியார் டீசல் வண்டிக்காரர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வந்தது உண்மையே. எனினும் உதவித்தொகையை நம்பி எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது நல்ல திட்டமாகாது. மேலும், 2019 முதல் நம் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கப்படுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் சில இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவை இளகிக் கசியும்.

பணம் இருப்பவர், “என் காசு, என் விருப்பம்” என்று சொல்லலாம். அவரிடம் எனக்கு ஒரே கேள்விதான். அந்த வண்டி ஜப்பானில் ஏன் மலிவாகக் கிடைத்தது?

வாகனப் புகையைக் கட்டுப்படுத்த ஜப்பான் 1992இல் ஒரு சட்டம் இயற்றியது. 2001இல் அதைத் திருத்திக் கரித்துகளையும் சேர்த்தது. தோக்கியோ, ஒசாகா, நகோயா வட்டாரங்களில் புதிய அளவுக்கு உட்படாத டீசல் வண்டிகள், சலுகைக் காலம் முடிந்தபின் பதிவில் நீடிக்க முடியாமல் போயின. அப்போதைய தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா, ஒரு புட்டி நிறையக் கரித்துகளைச் செய்தியாளர் முன் காட்டி டீசலுக்கு எதிராகப் பேசினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல வண்டிகள் தங்கள் ஊரிலேயே வேண்டாதவை ஆயின. வெளிநாட்டுக்காரனுக்கு அது மலிவு விலையாயிற்று. அதாவது, தன் பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஆகாது என்று ஒரு நகரம் ஒதுக்கியதைத்தான் நாம் ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறோம்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஐரோப்பாவில் 1992இல் வந்த யூரோ 1 விதி, டீசல் மகிழுந்து ஒரு கிலோமீட்டருக்கு 0.14 கிராம் துகள் வெளியிட இடம் தந்தது. 2009இல் வந்த யூரோ 5 அதை 0.005 கிராமாகக் குறைத்தது. 28இல் ஒரு பங்கு! நம் நாட்டில் 2021 முதல் யூரோ 5 டீசல் விற்கிறார்களே என்று கேட்கலாம். எண்ணெயில் கந்தகம் குறைந்தது நல்லதே. ஆனால் துகள் வடிகட்டி இல்லாமல் பிறந்த எஞ்சினுக்கு எண்ணெய் வடிகட்டியைப் பூட்டித் தராது.

அந்த வண்டியை நான் எங்கே ஓட்டப்போகிறேன்? கொடிமலைக்கு ஏறும் ஜீப் சாலையில் நினைத்தபோதெல்லாம் என் வண்டியை ஏற்ற முடியாது. பாலத்து நெரிசலிலும் லெபோ பாசாரிலும் பினாங்கு ஸ்திரீட்டிலும்தான் அது ஊர்ந்து நிற்கும். அங்கே ஐந்தடி நடையோரத்தில் அமர்ந்து பூக்கட்டும் அம்மாவின் முகமும் வண்டியின் புகைக்குழாயும் ஏறத்தாழ ஒரே உயரம். துரை கிளப்பிய புழுதிக்குப் பதிலாக நாம் புகையைக் கிளப்பினால் அதற்குப் பெயர் முன்னேற்றமா?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உட்புறத் தோட்டத்திலும் மலைக்காட்டிலும் வேலை செய்பவருக்கு இத்தகைய வண்டி ஆடம்பரமன்று, அது கைக்கருவி. கணினி இல்லாத பழைய எஞ்சினைச் சாதாரணப் பட்டறையிலேயே பழுதுபார்க்கலாம். புதிய வண்டி செய்யவும் இரும்பும் மின்சாரமும் செலவாகும் என்பதும் நியாயமான வாதம். ஆனால் இவையெல்லாம் பழைய வண்டியைப் பேணுவதற்கான காரணங்கள். இன்னொன்றைக் கடல் கடந்து வரவழைப்பதற்கான காரணங்கள் அல்ல. வரி கட்டிப் பதிவான பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் இந்நாட்டிலேயே விற்பனைக்கு இருக்கின்றன. உண்மையான தேவையுள்ளவர் அவற்றில் ஒன்றை வாங்கி, எஞ்சினைச் செம்மையாக வைத்திருக்கட்டும். நம் சாலையில் புகைக்குழாய் ஒன்று கூடாது.

நான் இறக்குமதி செய்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். ஆண்டுக்கு இரண்டு முறை காட்டுப் பயணம் போக வண்டியை வாடகைக்கு எடுத்தால் போதும். மாணவ நண்பர்களே, ஆசைப்படுங்கள். அது இளமையின் உரிமை. ஆனால் முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சட்டம் விடுமா? மொத்தச் செலவு எவ்வளவு? இதன் புகையை யார் சுவாசிப்பார்கள்? முதல் இரண்டுக்கும் பணத்தாலும் பொறுமையாலும் ஒருவேளை விடை காணலாம். மூன்றாவது கேள்விக்கு மனசாட்சிதான் விடை சொல்ல வேண்டும்.