கறுப்புச் சாக்லேட்டும் இரும்புச் சத்து மாத்திரையும்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை வழிபாட்டின்போது என் வகுப்புத் தோழி ஒருத்தி தலை சுற்றிக் கீழே அமர்ந்துவிட்டாள். அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்த சிஸ்டர், "இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார்கள். "இல்லை சிஸ்டர், வயிற்றைப் புரட்டுகிறது. அதற்குப் பதில் தினமும் டார்க் சாக்லேட் சாப்பிடுகிறேன். அதில் இரும்புச் சத்து நிறைய இருக்கிறதாம்" என்றாள் அவள். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தோம், நான் உட்பட!

அவள் சொன்னது முழுப் பொய்யன்று. நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் கொக்கோ சேர்ந்த சாக்லேட் 100 கிராமில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆனால் நாம் கடித்துச் சுவைக்கும் துண்டோ 10 கிராம். கிடைப்பது 1 மில்லிகிராம். நம் வயதுப் பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு வேண்டியது சுமார் 30 மில்லிகிராம். கிடைக்கும் அந்தச் சிறிதையும் உடல் முழுவதுமாக ஏற்பதில்லை. தேநீரில் இருப்பது போன்ற துவர்ப்புப் பொருள்கள் கொக்கோவிலும் இருந்துகொண்டு, இரும்பு இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இதயத்துக்கு நல்லவை என்று புகழப்படுபவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். அந்தப் புகழிலும் சற்று நிதானம் தேவை. அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியோரை வைத்து நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், கொக்கோச் சாறு மொத்த இதய நோய் நிகழ்வுகளைத் தெளிவாகக் குறைத்ததாக நிறுவ முடியவில்லை. அங்கே கொடுக்கப்பட்டதும் மாத்திரையே, சாக்லேட் அன்று.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. நம் வகுப்பறைப் பெஞ்சுகளை எண்ணிப் பாருங்கள் தோழியரே!

அப்படியென்றால் நான் சாக்லேட்டுக்கு எதிரியா? இல்லவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில், விரத நாளில் சாக்லேட் பானம் அருந்தலாமா என்று ஐரோப்பியத் திருச்சபையில் பெரிய விவாதமே நடந்தது. அது விரதத்தை முறிக்காது என்று எழுதியவர் கர்தினால் பிரான்காச்சியோ. இத்தனை ருசியான பொருளை மருந்து என்று சொல்லி ஏன் கெடுக்க வேண்டும்? தின்பண்டமாகவே தின்போமே.

வீட்டில் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாக்லேட் செய்வதற்கென்று கடையில் விற்கும் கட்டிகளில் பல, 'காம்பவுண்டு' எனப்படுபவை. அவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பும், ஏராளமான சர்க்கரையும் இருக்கும். உறையைத் திருப்பிப் படித்தால் தெரிந்துவிடும். உண்மைச் சாக்லேட் 34 டிகிரியில் உருகும். நம் தருமபுரிச் சித்திரை வெயிலில் அதைப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் வேறு வழி கண்டுபிடித்தோம். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை மிதமான தீயில், பச்சை வாசனை போக நெய்விட்டு வறுக்க வேண்டும். இனிப்பில்லாத கொக்கோத் தூள் இரண்டு கரண்டி, முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், வறுத்து உடைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி சேர்த்து, சூடு ஆறுமுன் உருட்ட வேண்டும். கேழ்வரகுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? 2023இல் ரேஷன் கடையிலேயே மாதம் 2 கிலோ தரத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனாலும் இந்த உருண்டை மாத்திரைக்கு ஈடாகாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தோழி இப்போது மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குவதில்லை. உணவுக்குப் பின் சாப்பிட்டு, கூடவே ஒரு கொய்யாத் துண்டையும் கடித்துக்கொள்கிறாள். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேருமாம். வயிற்றுப் புரட்டலும் குறைந்திருக்கிறது. சாக்லேட்டை மாலை நேரத்துக்கு ஒதுக்கிவிட்டாள்.

உருண்டையை முதலில் என் பாட்டியிடம் கொடுத்தேன். கடித்துப் பார்த்து, "ஏன்டி, மாவைத் தீய விட்டுட்டியா? கசக்குதே!" என்றார்கள். பேசிக்கொண்டே இரண்டாவது உருண்டையையும் எடுத்துக்கொண்டார்கள்.