'உஸ்தெத்' மரியாதைச் சொல் மட்டுமா?

ஸ்பானிய உயர்நிலைப் பாடநூல்கள் பலவும் வினைத்திரிபை அட்டவணையிலும், சமூக விழுமியங்களை வேறோர் அத்தியாயத்திலும் பிரித்து வைக்கின்றன. 'தூ' நெருக்கம், 'உஸ்தெத்' மரியாதை என்று மனனம் செய்த மாணவர், பொகோட்டாவில் கணவனும் மனைவியும் 'உஸ்தெத்' என விளித்துக்கொள்வதைக் கேட்டால் ஊடல் என்றே எண்ணக்கூடும். அங்கே அது நெருக்கத்தின் விளியாகவும் வழங்குகிறது. (தாயையும் தெய்வத்தையும் 'நீ' என்றழைக்கும் தமிழருக்கு இது விளங்காததன்று.)

புவெனஸ் அயர்ஸிலோ 'வோஸ் தெனேஸ்' என்பதே இயல்பு வழக்கு. அர்ஜென்டினாவின் இலக்கிய அகாதெமி 1982இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஸ்பானியம் பேசுவோரில் பெரும்பாலோர் வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில். ஆயினும் ஸ்பெயின் வழக்கான 'வோசோத்ரோஸ்' அட்டவணையில் தனி வரிசை பெறுகிறது. 'வோஸ்' பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. தேர்வில் ஒரு மாணவர் 'தெனேஸ்' என்றெழுதினால், விடைத்தாள் முழுவதும் அவ்வழக்கையே சீராகக் கைக்கொண்டிருக்கிறாரா என்பதைத்தான் திருத்துபவர் நோக்க வேண்டும்.